ஜன்னல் சீட்டுக்கு ஆள் வருது

பொன்மலை,
திங்கட்கிழமை.

கே.கே. நகரில் இடது காலைத் தலையணை மேல் ஏற்றி வைத்து ஆட்சி புரிந்துவரும் மதிப்பிற்குரிய மருதை சித்தப்பா அவர்களுக்கு, அண்ணன் மகன் இளவரசன் குனிந்து வணங்கி எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு தங்கள் மாவுக்கட்டைத் தவிர மற்ற யாவும் நலம் என்று சித்தி சொல்லக் கேட்டு மகிழ்ந்தேன்.

ஆழ்ந்த வருத்தத்துடன் ஓர் அறிவிப்பு. எனது வலது கால் ஷூவின் அடிப்பாகம், ஞாயிறன்று முற்பகலில், கோட்டான்கரட்டின் பாதி உயரத்தில், ஒரு பாறை இடுக்கில் சிக்கி இயற்கை எய்தியது. காலுக்காகவே வாழ்ந்தது, காலமானது. அன்னாருக்கு இடது ஷூ என்ற உடன்பிறப்பும், துக்கம் தாளாமல் வெளியே எட்டிப் பார்க்கும் எனது கட்டைவிரலும் உள்ளனர். மார்க்கெட் பக்கம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டலாம் என்று நண்பன் கலீல் சொன்னான், அடிப்பாகத்தின் போட்டோ கைவசம் இல்லாததால் அந்த யோசனை கைவிடப்பட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். படியில் வழுக்கி நீங்கள் காலை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து நம் ஞாயிறு நடை நடைபெறாமல் நிற்கிறது. டவுன் பஸ் போகும் தூரத்தில் எந்தக் குன்று, கரடு, பாறை இருந்தாலும் காலையில் போய் ஏறிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற அந்த ஒரு நாள் சுகம் இல்லாமல் பெனடிக்ட் சார் தினமும் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து, "சித்தப்பா என்னப்பா சொன்னாரு?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். நீங்க விசிலை என் கையில கொடுத்தப்ப சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு. ஒரே ஒரு ஞாயிறு நீ கூட்டிட்டுப் போ, தலைவன் முதல்ல ஏறணும், கடைசியா இறங்கணும், நடுவழியில யாரையும் விடக் கூடாது, முக்கியமா சேட்டை கூடாது, எல்லாரையும் பத்திரமா வீடு சேத்தா விசில் உன்கிட்டயே இருக்கட்டும், இல்லன்னா நடையை இதோட மூட்டை கட்டிருவோம்னு சொன்னீங்க. போன்ல சொன்னா நீ கதை விடுவே, எழுதிக் கொடு, எழுதுறப்ப கையாவது கூசும்னும் சொன்னீங்க. இதோ எழுதுகிறேன். கை கூசவில்லை.

காலையில சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நான், கலீல், பெனடிக்ட் சார் மூணு பேரும் கரட்டுப்பட்டி பஸ்ஸுக்கு நின்னோம். ஸ்ரீரங்கத்து சுபஸ்ரீ அக்கா டோல்கேட்ல ஏறிக்கிறேன், சீட் பிடிச்சு வைன்னு மெசேஜ் போட்டிருந்தாங்க. பஸ் உள்ள வந்து நிக்கிறதுக்கு முன்னாடியே நான் ஜன்னல் வழியா துண்டை வீசிட்டேன். துண்டு விழுந்த சீட்டுல ஒரு பெரியவர் விழுந்தார். அப்புறம் நடந்ததை நீங்களே ஊகிச்சுக்கலாம். ஆள் வருதுன்னேன். எங்க வருதுன்னார். டோல்கேட்ல வருதுன்னேன். டோல்கேட்ல வர்ற ஆளுக்கு சத்திரத்துல எதுக்கு சீட்டு, அவங்க என்ன கலெக்டரான்னார். பின்சீட்டுக்காரர் அவருக்கு சப்போர்ட், முன்சீட்டு அம்மா எனக்கு சப்போர்ட், பஸ் கொள்ளிடம் பாலம் தாண்டுற வரைக்கும் பட்டிமன்றம். அக்கா ஏறினதும் பெரியவரே எந்திரிச்சு, "உக்காரும்மா, உன் தம்பி உனக்காக உயிரையே விட்டிருப்பான்" என்று சொல்லி இடம் கொடுத்தார். இதை ஏன் இவ்வளவு விரிவா எழுதுறேன்னா, நம்ம ஊர்ல துண்டு போட்ட சீட்டுக்கு இதுதான் இயற்கை. சண்டை வரணும். வந்தாத்தான் அது பஸ். இதை மனசுல வச்சுக்குங்க.

மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை, புலிவலம் எல்லாம் தாண்டி பஸ் ஒரு ஒடுக்கமான தார் ரோட்டுல திரும்பி கரட்டுப்பட்டியில போய் நின்னுச்சு. அதுக்கு மேல ரோடு கிடையாது. எதிர்ல கோட்டான்கரடு. பொன்மலைக்காரனுக்குக் கரடு என்ன முரடு என்ன என்று வசனம் பேசிக்கொண்டே இறங்கினேன், யாரும் சிரிக்கவில்லை. அடிவாரத்துல பொன்னுத்தாய்னு ஒரு அம்மா டீக்கடை வச்சிருக்காங்க. எத்தனை பேரு ஏறுறீங்கன்னு கேட்டாங்க. நாலுன்னேன். "இறங்கையில எத்தனை பேரு?" அப்படின்னு கேட்டாங்க. கரட்டுக்கு அந்தப் பக்கமா இறங்கி வேற ஊருக்குப் போறவங்க உண்டாம், எத்தனை டீக்குப் பால் எடுத்து வைக்கணும்னு தெரியணுமில்ல, அதுக்காகக் கேட்டாங்க. அவ்வளவுதான். அந்த அம்மா கேட்டது டீக்காக. ஆனா நான் என்ன செஞ்சேன்னா அந்த டீயில கொஞ்சம் சுக்கு தட்டிப் போட்டேன். அது கரட்டு உச்சியில வருது.

ஏறினோம். ஷூ காலமானது. அதற்கு மேல் ஏறின கொஞ்ச தூரத்தில் ஒரு சப்பைப் பாறை, அது மேல செருப்புங்க வரிசையா கிடந்துச்சு. பழசு, புதுசு, குழந்தைங்களோடது, வார் அறுந்தது, வெயில்ல வெளுத்துப் போய் யாரோடதுன்னே சொல்ல முடியாதது. மேல கோயில் கிடையாது சித்தப்பா. சிலை, வேல், மஞ்சத்துணி ஒண்ணும் கிடையாது. ஆனா எல்லாரும் அங்க கழட்டி வச்சுட்டுத்தான் போயிருக்காங்க. அக்கா ஒரு கேள்வியும் கேக்காம கழட்டினாங்க, சார் கழட்டினார், நாங்களும் கழட்டினோம். இத்தனை செருப்பு கிடக்குதே, மேல கூட்டமா இருக்கும்னு கலீல் சொன்னான். மேல போனா ஒருத்தரும் இல்லை. மொட்டைப் பாறை, ஒரு சுனை, அதுல அசையாத தண்ணி. காத்து அடிக்குது, சட்டை படபடங்குது, ஆனா தண்ணி மட்டும் அசையலை. தெற்கால ரொம்ப தூரத்துல ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தீக்குச்சி கணக்கா தெரிஞ்சுது. அக்கா அந்தத் திசையில விழுந்து சேவிச்சாங்க. குருவி சத்தம், பூச்சி சத்தம் எதுவுமே இல்லைங்கிறதை சார்தான் முதல்ல சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம்.

புளியோதரையைப் பிரிச்சு வச்சு சாப்பிடும்போது எனக்கு நாக்கு அரிச்சுது. சேட்டை கூடாதுன்னு நீங்க சொன்னது காதுல கேட்டுது, ஆனா காத்து பலமா இருந்ததால தெளிவாக் கேக்கலை. நான் குரலைத் தாழ்த்தி, கீழ டீக்கடை அம்மா எங்கிட்ட தனியா ஒண்ணு சொன்னாங்கன்னு ஆரம்பிச்சேன். இந்தக் கரட்டுல எத்தனை பேர் ஏறினாலும் இறங்கையில ஒரு ஆள் கூடுதலா இறங்குமாம், நம்ம பின்னாடியே பஸ் வரைக்கும் வருமாம், அதுக்கு ஒரு சீட் பிடிச்சு வச்சுட்டா பேசாம உக்காந்து வருமாம், பிடிக்கலைன்னா நம்ம முதுகுக்குப் பின்னாடியே நின்னுட்டு வருமாம்னு சொன்னேன். அந்த நிமிஷம் நானா இட்டுக் கட்டினது, ஒவ்வொரு எழுத்தும் என் சொந்தத் தயாரிப்பு. கலீலுக்கு மட்டும் கண்ணடிச்சேன். அக்கா சிரிக்கலை. எல்லாம் பெருமாள் திருவுள்ளம்னு சொல்லிட்டு மிச்ச சாதத்தை ஒரு இலையில எடுத்து சுனை ஓரமா வச்சாங்க. யாருக்குன்னு நான் கேக்கலை.

இறங்கினோம். செருப்புப் பாறைக்கு வந்தோம். நாங்க கழட்டினப்ப எப்படிக் கழட்டியிருப்போம், மலையைப் பாத்தாப்பல, அவசரத்துல, ஒண்ணு இங்க ஒண்ணு அங்க. இப்ப எங்க நாலு ஜோடியும் கீழ போற வழியைப் பாத்துத் திருப்பி, ஜோடி ஜோடியா சேத்து, காலை நுழைச்சா போதும்ங்கிற மாதிரி வச்சிருந்துச்சு. அடி போன என் ஷூவுக்கு ஒரு ஓலைத் துண்டை மடிச்சு உள்ள வச்சிருந்துச்சு. மத்த பழைய செருப்பெல்லாம் கிடந்தது கிடந்தபடி. எனக்கு ஒரே பெருமை. கலீலைத் தனியா இழுத்து, "செமடா, எப்படா வந்து வச்ச?" என்று காதில் கேட்டேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான். "நீ வச்சேன்னு நான் நெனச்சேன்டா."

"நான் உன்கூடத்தானே மேல இருந்தேன்."

"நானும் உன்கூடத்தானேடா இருந்தேன்."

அக்கா ரொம்ப சாதாரணமா செருப்பை மாட்டிக்கிட்டு, யாரா இருந்தாலும் நல்ல மனசுன்னு சொல்லிட்டு முன்னாடி நடந்தாங்க. பெனடிக்ட் சார் ரயில்வேயில கார்டா இருந்தவராச்சே, எங்க போனாலும் கடைசியாத்தான் வருவார், கடைசிப் பெட்டிதான் என் இடம்னு சொல்வார், உங்களுக்குத் தெரியும். அன்னைக்கும் கடைசியாத்தான் வந்தார். ஆனா நடந்துட்டே திரும்பித் திரும்பிப் பாத்தார். முட்டி வலிக்குதா சார்னு கேட்டேன். இல்லப்பான்னார். கொஞ்ச தூரம் போனதும் எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னார்: "சர்வீஸ் முழுக்கக் கடைசிப் பெட்டியில வந்தவன் தம்பி நான். எனக்குப் பின்னாடி ஒரு பெட்டி மாட்டியிருந்தா எனக்குத் தெரியும்."

நான் சிரிச்சேன். என் கதையை நம்பிட்டார் பாவம்னு நெனச்சேன், இல்ல, அப்படி நெனைக்கப் பாத்தேன். அடிவாரத்துல பொன்னுத்தாய் அம்மா டீயை ஒவ்வொருத்தருக்கா நீட்டினாங்க. எல்லாருக்கும் கொடுத்து முடிச்சிட்டும் எங்க முதுகுக்குப் பின்னாடியே பாத்துட்டு நின்னாங்க. பஸ்ஸு நிக்குது, போய் இடம் பிடிங்கன்னு மட்டும் சொன்னாங்க.

இப்ப பஸ். கரட்டுப்பட்டியில பஸ் காலியாத்தான் கிளம்பும். நான் முதலில் ஏறினேன், தாங்கள் சொன்னபடியே தலைவன் முதலில். ஏறினதும் எனக்குள்ள இருந்த சேட்டை செத்துப் போகலைன்னு எனக்கே நிரூபிக்கணும்னு தோணுச்சு. ரெண்டு பேர் உக்கார்ற சீட்டுல ஜன்னல் பக்கம் துண்டை விரிச்சேன், நடைபாதைப் பக்கம் நான் உக்காந்துக்கிட்டேன். சாரும் கலீலும் எனக்குப் பின்சீட்டு, அக்கா எதிர் வரிசையில லேடீஸ் சீட்டு. அக்கா துண்டைப் பாத்துட்டு, வேண்டாம் தம்பி, எடுத்துருன்னாங்க. சும்மா அக்கான்னேன்.

அடுத்த ஸ்டாப்புல கூட்டம் ஏறுச்சு. ஞாயித்துக்கிழமை, கல்யாண வீட்டுக் கூட்டம், நிக்க இடமில்லை. முறுக்கு மீசை வச்ச ஒருத்தர் வந்து துண்டைப் பாத்தார். நான் சண்டைக்குத் தயாரா, ஆள் வருதுன்னேன். அவர் ஒண்ணுமே கேக்கலை. தலையை ஆட்டிட்டு, துண்டு மேல கை படாம வளைஞ்சு பின்னாடி போயிட்டார். அடுத்து ஒரு அம்மா, இடுப்புல குழந்தை. ஆள் வருதுன்னு சொல்ல வாயைத் திறக்கிறதுக்குள்ள, தெரியும்பாங்கிற மாதிரி கையைக் காட்டிட்டு கம்பியைப் பிடிச்சு நின்னுட்டாங்க. மூணு ஊர் ஜனம் ஏறுச்சு சித்தப்பா. வியர்த்து, இடிச்சு, ஒருத்தர் கால ஒருத்தர் மிதிச்சு நிக்கிறாங்க. நடுவுல ஒரு ஜன்னல் சீட்டு காலியா கிடக்குது, ஒருத்தர் சண்டை போடலை. ஒருத்தர்! நீங்க இத்தனை வருஷமா நம்ம பஸ்ல போறீங்க, இப்படி ஒரு அமைதியை எங்கயாவது பாத்திருக்கீங்களா? எனக்கு அப்பத்தான் முதுகு சில்லுன்னுச்சு. அந்தக் கதை மலை உச்சியில நாலு பேருக்கு நடுவுல நான் கட்டினது. இவங்க யாருக்கும் அது தெரியவே தெரியாது.

கண்டக்டர் வந்தார். எங்க நாலு பேருக்கும் டிக்கெட் போட்டார். நான் முந்திக்கிட்டு, சார் இது சும்மா துண்டுன்னு சொல்ல வந்தேன். அவர் அதுக்குள்ள மெஷினைத் தட்டிக்கிட்டே ஜன்னல் சீட்டைப் பாத்து, "ஆம்பளையா பொம்பளையா?" என்று கேட்டார். எனக்கு வாய்க்கொழுப்பு சித்தப்பா, அந்த நிலைமையிலயும் காசு மிச்சம்னு புத்தி வேலை செஞ்சுது. பொம்பளைன்னு சொன்னேன். லேடீஸுக்கு ஃப்ரீதானே. எங்க வரைக்கும்னார். சத்திரம்னேன். கண்டக்டர் மெஷினை நிறுத்திட்டு என்னைப் பாத்தார்.

"சத்திரம் வரைக்குமா? வழக்கமா புலிவலத்துலயே இறங்கிடுமே."

சொல்லிட்டு, இலவச டிக்கெட் ஒண்ணு கிழிச்சு, பக்குவமா துண்டு மேல வச்சுட்டு, அடுத்த சீட்டுக்குப் போயிட்டார். ஜன்னல் திறந்திருக்கு, காத்து உள்ள அடிக்குது, என் தலைமுடி பறக்குது. அந்த டிக்கெட் பறக்கலை.

அப்புறம் ஒரு வளைவு வந்துச்சு. டிரைவர் வேகமா ஒடிச்சார். நின்னவங்க எல்லாம் ஜன்னல் பக்கமா சரிஞ்சாங்க, எதிர் வரிசையில இருந்தவங்க சரிஞ்சாங்க, எனக்குப் பின்னாடி கலீல் போய் கம்பியில மோதிக்கிட்டான். நானும் அந்தப் பக்கம் சரிஞ்சு காலி சீட்டுல விழுந்திருக்கணும். நான் சரியலை. என் இடது தோள் எது மேலயோ சாஞ்சு நின்னுச்சு. சில்லுன்னு இருந்துச்சு, சுனைத் தண்ணி மாதிரி. திரும்பிப் பாக்கலை. கழுத்து ஒத்துழைக்கலை.

இந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் கதறியிருப்பான். நான் யார்? மருதை சித்தப்பாவின் விசிலைக் கழுத்தில் மாட்டியவன். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தேன். புலிவலம் வந்தது. கண்டக்டர் விசில் அடித்தார். அப்போது எங்கள் சீட்டிலிருந்து ஓர் உருவம் சடாரென்று எழுந்தது. முறுக்கு மீசைக்காரரின் கைக்குக் கீழே நுழைந்து, குழந்தைக்கார அம்மாவைத் தாண்டி, படியில் கால் வைக்காமலேயே இறங்கி, ரோட்டைக் கடந்து, கருவேல மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. பேய்க்குக் கால் தரையில் படாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அது சத்தியம் என்று தெரிந்துகொண்டேன், ஏனென்றால் அந்த உருவத்தின் கால் தரையில் பட்டதாகப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. நான் பதறாமல் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதி, எல்லாம் சரியாகிவிட்டது, யாரும் பயப்பட வேண்டாம் என்று அறிவித்தேன். அக்கா டோல்கேட்டில் பத்திரமாக இறங்கினார். சத்திரத்தில் நான் கடைசியாக இறங்கி, பெனடிக்ட் சாரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து அவர் வீட்டு வாசலில் சேர்த்தேன்.

ஆகவே சித்தப்பா, தாங்கள் விதித்தபடி நடை நல்லபடியாக நிறைவேறியது. பேயே வந்தாலும் டிக்கெட் எடுத்துக் கூட்டிவரும் தலைவன் கிடைத்துவிட்டான். விசிலை நிரந்தரமாக என்னிடமே வைத்துக்கொள்ளவும், அடுத்த ஞாயிறு பச்சைமலைக்குத் துறையூர் பஸ் பிடிக்கவும் அனுமதி தந்து அருள வேண்டுகிறேன். சித்திக்கு என் வணக்கம். மாவுக்கட்டுக்குள் அரிப்பெடுத்தால் ஸ்கேலை விட்டுச் சொறிய வேண்டாம் என்று அப்பா சொல்லச் சொன்னார். தங்கள் கால் சீக்கிரம் கூடி, எங்கள் காதைத் திருக மறுபடியும் எழுந்து வர, ஸ்ரீரங்கத்துப் பெருமாளும் சமயபுரத்தாளும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் விசில் தாங்கி,
இளவரசன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து சுபஸ்ரீ அக்காவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அவங்க ஒரே வரியில பதில் போட்டாங்க, மிச்சத்தை நீ எழுதுறியா நான் எழுதட்டுமான்னு. அதனால நானே எழுதிடறேன்.

புலிவலத்தில் இறங்கி, கால் தரையில் படாமல் ஓடியது நான்தான்.

தள்ளி உக்காருங்கன்னு நான் யாருகிட்டயும் சொல்லலை. எனக்கு வாயே வரலை. விசில் ஊதலை. கருவேல மரத்துக்குப் பின்னாடி நின்னு, பஸ் போறதைப் பாத்துட்டு இருந்தேன். கலீல் ஜன்னல்ல தலையை நீட்டி என் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டே போனான், நான் பதில் கொடுக்கலை. துறையூர்ல இருந்து அடுத்த பஸ் வந்து, அதுல நின்னுக்கிட்டே வந்தேன், உக்கார இடம் இருந்தும். அக்கா டோல்கேட்ல இறங்கவே இல்லை. சீக்கிரமே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவங்க, கலீல் எனக்காக சத்திரத்துல காத்து நிக்கப் போறான், சார் தனியாப் போகணுமேன்னு சத்திரம் வரைக்கும் வந்து, அவரைப் பொன்மலை பஸ்ல ஏத்தி விட்டு, சார் வீடு சேந்துட்டேன்னு போன் பண்ணின பிறகு திரும்ப ஸ்ரீரங்கம் போயிருக்காங்க. சார் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. இன்னைக்குக் காலையிலயும் வாசலுக்கு வந்து, சித்தப்பா என்னப்பா சொன்னாருன்னுதான் கேட்டார். அதுதான் தாங்க முடியலை.

இன்னொண்ணு கலீல் சொன்னான். நான் ஓடினதும் கண்டக்டர் அந்தக் குழந்தைக்கார அம்மாவை உக்காரச் சொல்லியிருக்கார். என் சீட்டுல. குழந்தை ஜன்னல் பக்கம் போகணும்னு அழுதுச்சாம். "அது ஆள் இருக்கு தாயி, இன்னைக்கு சத்திரம் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கு" அப்படின்னாராம். சத்திரம்னு சொன்னது நான்தானே.

விசிலை சித்தி கையில கொடுத்தனுப்பியிருக்கேன். சுபஸ்ரீ அக்காகிட்ட கொடுங்க. ஆனா என்மேல உள்ள கோவத்துல நடையை மட்டும் நிறுத்திடாதீங்க சித்தப்பா, சார் முகத்தைப் பாக்க முடியலை. நான் சும்மா ஒரு ஆளா, வாயைத் திறக்காம, எல்லாருக்கும் பின்னாடி வர்றேன்.

இல்ல, பின்னாடி வேண்டாம். நடுவுல வர்றேன்.